வளையம் போட நின்ற இடம்

பிள்ளையை எப்படி வளர்த்தால் முன்னுக்கு வரும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கிறவள் வெர்னா. உபதேசம் ஊருக்கு மட்டும்தான் என்று அவளை ஒருவரும் பழி சொல்ல முடியாது. ஐந்து வயது மகள் கரின் தானே சாப்பிட்டாள், தானே ஷூ மாட்டினாள், பனிக்காலத்துக் கனத்த கோட்டுக்குத் தானே பொத்தான் போட்டாள். வெர்னா பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நிற்பாள். முடிந்ததும் 'டக்'கென்று அமுக்கி, "ம், நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை" என்பாள். அவ்வளவுதான். கட்டிக்கொள்வது, கொஞ்சுவது எல்லாம் கிடையாது. பாராட்டுக்குப் பழகிய பிள்ளை பாராட்டு கிடைத்தால்தான் கையைக் காலை அசைக்கும் என்பது அவள் கட்சி.

"புள்ளைய வளக்குறாளா, குதிரையப் பழக்குறாளா?" என்று எதிர்வீட்டு மிசஸ் ஹெகன் வேலியோரம் நின்று கேட்டது வெர்னாவின் காதிலும் விழுந்தது. விழுந்தால் என்ன? அந்த அம்மாள் பெற்ற நாலும் இருக்கிற லட்சணத்தை மாடிசன் நகரமே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது!

ஒன்றுதான் வெர்னாவுக்குப் பிடிபடவில்லை. அப்பா நீல்ஸோடு நர்சரிக்குக் காரில் வருகிற நாளில் கரினின் பொத்தான்கள் கச்சிதமாக இருக்கும். அம்மாவோடு பஸ்ஸில் வருகிற நாளில் கோணல்மாணல். கார், பஸ் என்பதில் பொத்தானுக்கு என்ன வந்தது?

1958 பிப்ரவரி அது. வெர்னா ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகத்து மனோதத்துவத் துறையில் எந்நேரமும் ஒரே பேச்சு: வயிறு நிறைந்த பிறகு மனிதனை உந்துவது எது? ஒருவன் விழுந்தடித்து ஓடுகிறான், இன்னொருவன் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறானே, ஏன்? அதைக் கண்டுபிடிக்க வெர்னாவின் குழு குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தது. அறையில் நட்டுவைத்த ஒரு மரமுளை. கையில் கயிற்று வளையங்கள். எங்கே வேண்டுமானாலும் நின்று முளையில் வளையம் போடலாம்; தூரம் தெரியத் தரையில் கோடுகள் உண்டு. ஜெயிக்கிற ஆசை உள்ள பிள்ளை நடுவாந்திரமாக நிற்கும். வளையம் முளையில் விழுந்தாலும் விழும், விழாமலும் போகும், அதில்தான் அதற்குக் குஷி. தோற்கப் பயந்த பிள்ளை முளையை ஒட்டியே போய் நிற்கும், இல்லையென்றால் யாராலும் போட முடியாத தூரத்துக்குப் போய்விடும். சின்ன வயதிலேயே தன் காலில் நிற்கப் பழகிய பிள்ளை நடுவில்தான் நிற்கும் என்பது வெர்னாவின் சித்தாந்தம். ஏழு வருஷப் படிப்பும், இனி வரவேண்டிய வேலையும் அந்த நடுக்கோட்டை நம்பித்தான் இருந்தன.

சொந்தப் பிள்ளையைச் சோதிப்பதில்லை என்று துறையில் ஒரு விதி. ஆனால் அன்று வரவேண்டிய பையனுக்குப் பொன்னுக்குவீங்கி. "உங்க பொண்ணு கீழ நர்சரியிலதானே இருக்கா, கூப்பிடுங்க. நீங்க கண்ணாடிக்குப் பின்னால இருக்கீங்க, அவளுக்கு எங்க தெரியப்போகுது?" என்றார் பேராசிரியர். மறுத்திருக்கலாம். ஆனால் தான் சொன்னது தன் வீட்டிலேயே பலித்ததைக் கண்ணால் பார்க்கிற ஆசை யாரை விட்டது? சரி என்றுவிட்டாள்.

கண்ணாடி அந்தப் பக்கத்துக்கு வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. இந்தப் பக்கம் இருட்டறை. வெர்னாவும் அவளோடு வேலை பார்க்கிற கஸ்ஸும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அறையில் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும். வளையம் கையை விட்டுப் போகும்போதெல்லாம் வெர்னா ஸ்டாப்வாட்சை அமுக்கிக் குறித்துக்கொள்வாள்.

கரின் வந்தாள். பொத்தான் கோணல். காலையில் பஸ்ஸில் வந்தவள்தானே. கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம், போட்டதே பெரும்பாடு.

"எங்க வேணா நின்னு போடலாம் கண்ணு," என்றாள் விளையாட்டு நடத்துகிற பெட்டினா.

கரின் நடுக்கோட்டில் போய் நின்றாள். வெர்னாவுக்கு மூச்சு நிதானமாக வந்தது. வளையம் பறந்தது, முளையில் பட்டு வெளியே விழுந்தது. டக். கரின் சட்டென்று தலையைத் திருப்பினாள். அடுத்த வளையத்தை எடுத்துக்கொண்டு நேரே நடந்து, கண்ணாடிச் சுவரை ஒட்டியிருந்த முளைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டாள். வளையத்தை முளையில் அப்படியே இறக்கினாள். டக். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அடடே, இது எறியறது இல்லம்மா, தாத்தா தலையில தொப்பி வைக்கிற வேலை!" என்று சிரித்த கஸ், வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து, "இந்தா, இத எழுத வேண்டாம். பையனுக்குக் கன்னம் வத்தினதும் கூப்பிட்டுக்குவோம். யாருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத் தெரியும் கஸ். ஊரான் புள்ள பயந்தப்போ எழுதலையா நான்?"

எழுதினாள். 'தோல்வி பயம்.' எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிய வார்த்தை! இன்றைக்குத்தான் எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். என் பிள்ளைக்குப் பயமா? நானா பயமுறுத்தினேன்? மிசஸ் ஹெகன் சிரிப்பது காதில் கேட்டது போலிருந்தது. ஸ்டாப்வாட்சை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சு கண்ணு, கீழ போலாமா? பால் குடிக்கிற நேரம்," என்று ஒலிபெருக்கியில் பெட்டினாவின் குரல்.

கரின் நகரவில்லை. முளையிலிருந்து வளையத்தை உருவி மறுபடி இறக்கினாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மறுபடி உருவினாள், இறக்கினாள், காத்திருந்தாள். பிறகு கண்ணாடியில் காதை வைத்தாள்.

"என்னடா பண்றே? விளையாட்டு முடிஞ்சிருச்சுன்னேனே."

"முடியல. அம்மா இன்னும் டக் பண்ணல."

"அம்மாவா? அம்மா இங்க எங்க இருக்காங்க?"

"இந்தக் கண்ணாடிக்குள்ள. டக் பண்றது எங்கம்மாதான். எனக்குத் தெரியாதா? அங்க தள்ளி நின்னா சரியாக் கேக்கல. இங்க நல்லாக் கேக்குது."

இருட்டறையில் வெர்னாவின் கை மடியிலிருந்த ஸ்டாப்வாட்சுக்குப் போய், தொடாமலே திரும்பியது. அவள் எழுந்தாள்.

"வெர்னா, உள்ள போகாத," என்றான் கஸ். "கண்ணாடிக்குப் பின்னால ஆள் இருக்குன்னு நர்சரி பூரா சொல்லிருவா. அப்புறம் ஒரு புள்ளகூட உருப்படியா விளையாடாது. மொத்தமும் போச்சு!"

"போகட்டும்!"

கதவு திறந்ததும் கரின் நிமிர்ந்து நின்றாள். "எல்லாம் முளையில விழுந்துச்சு. முதல் தடவை மட்டும்தான் விழல," என்றாள் அவசரமாக. "நேத்தைக்குத் தேவலையா?"

வெர்னா தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, மகளுடைய கோட்டின் கோணல் பொத்தான் ஒன்றை அவிழ்த்தாள்.

"நானே போட்டுக்குவேன்," என்று பின்வாங்கினாள் கரின்.

"தெரியும்டி செல்லம். நீயே போட்டுக்குவே. எனக்குத்தான் போட்டு விடணும்னு ஆசையா இருக்கு. விடுவியா?"

கரின் அம்மாவின் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து மோவாயைத் தூக்கிக் காட்டினாள். வெர்னா கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். பழக்கமில்லாத கை, மெதுவாகத்தான் போட முடிந்தது. பிள்ளையின் மூச்சு விரல்களில் சுட்டது. பெட்டினா என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கடைசிப் பொத்தானும் போட்டாயிற்று. கரின் குனிந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"அம்மா, அப்பா கார்ல போட்டு விடும்போது அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்வாரு. நீ போட்டு விட்டத அப்பாகிட்ட சொல்லலாமா?"