செவுளோடு வளர்ந்தவை

செவுள் உள்ள கடைசி நியூட்டைப் பார்த்து இருநூற்றுப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. அன்று காலையும் முழங்கால்வரை குளத்தில் இறங்கி வலையை இழுத்தேன். ஆரஞ்சு நிற மீன்கள் ஒன்பது வந்தன. வேறொன்றும் இல்லை.

நியூட் என்பது பல்லி உடலுக்குத் தவளைத் தோல் போர்த்தியது போன்ற சிறு பிராணி. குஞ்சாக இருக்கும்போது கழுத்தின் இருபுறமும் சிவந்த இறகுபோலச் செவுள் விரிந்திருக்கும். வளர்ந்ததும் அதை இழந்து கரையேறும். எங்கள் குளத்தில் பாதி அப்படிச் செய்யவில்லை. செவுளோடே பருவமடைந்து, செவுளோடே முட்டையிட்டு, நீரிலேயே வாழ்ந்து முடித்தன.

“வயசுக்கு வந்தும் பால்பல்லு விழாத கூட்டம்,” என்பார் எங்கள் ஆய்வு நிலையத்தின் காவலாளி.

கரையேறியவை ஓரத்தில் புழு பூச்சி தின்றன. செவுள் உள்ளவை நடுக்குளத்து ஆழத்தில் மிதக்கும் பொடிப்பூச்சிகளைத் தின்றன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, சண்டை இல்லை. குளம் வற்றினால்கூட அவற்றுக்கு வழி உண்டு, செவுளை விட்டுவிட்டு நடந்து போய்விடும். மீன் வந்தால் அந்த அவகாசம் கிடையாது. மீன் பொடிப்பூச்சிகளைக் காலிசெய்யும். குஞ்சுகளை விழுங்கும். பெரியவை ஒளிந்து, பட்டினி கிடந்து, ஒவ்வொன்றாக இல்லாமல் போகும்.

இல்லாமல் போனபிறகுதான் எனக்குத் தென்படத் தொடங்கின. வீட்டில் பாத்திரம் கழுவும்போது, கலங்கிய தண்ணீருக்கடியில் ஒரு சிவந்த இறகு விரிந்து மூடும். கையை விட்டால் கரண்டிதான் தட்டுப்படும். ஆய்வகத்தின் காலித் தொட்டிகளைக் கடக்கையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இமையில்லாத முகங்கள் வரிசையாக நிற்கும். நான் வேகமாக நடப்பேன். அவையும் கூடவே வரும்.

மீன் எப்படி வந்தது என்று யாரும் அதிகம் தேடவில்லை. காவலாளியின் மேசைமேல், கண்ணாடி ஜாடியில், அதே நிறத்தில் இரண்டு மீன்கள் இருந்தன. பழி அவர்மேல் விழ அது போதுமானதாக இருந்தது. மதியம் மூன்று மணிக்கு நிர்வாகி அவரைக் கூப்பிட்டிருந்தார். வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, உன் பசங்க இன்னைக்காவது தலைகாட்டினாங்களா?”

“இல்லண்ணே.”

“நான் வாங்கினது ரெண்டு மீனு. ரெண்டும் ஜாடியிலதான் இருக்கு. வந்து எண்ணிப் பாருங்கன்னு சொன்னேன், ஒருத்தரும் வரல. இங்க எல்லாருக்கும் எண்ணுறதுதான் வேலை,” என்று சிரித்தார்.

மூன்று மணிக்கு அவரோடு நானும் நிர்வாகியின் அறைக்குள் போனேன். அங்கே என் அண்ணி பழைய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, இந்த ஆய்வு அவருடையது, என்னை வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான்.

“வெளியிலேருந்து குளத்துக்குள்ள போனது ஒண்ணே ஒண்ணு,” என்றார் நிர்வாகியிடம். “ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட செடி. நியூட்டுங்க முட்டையிட இலை இல்லாம தவிச்சுதுங்க, அதனால முகப்புல இருக்கிற மீன் தொட்டியிலேருந்து எடுத்தோம். ஆனா தனி வாளியில பதினாலு நாள் வச்சிருந்துதான் போட்டோம். மீன் முட்டை ஒட்டியிருந்தா அதுக்குள்ள பொரிச்சுக் கண்ணுல பட்டிருக்கும். இதோ, நாளுக்கு ஒரு கையெழுத்து.”

கையெழுத்து என்னுடையது.

“இவ குறிச்சா குறிச்சதுதான். வாய்தான் இல்ல, கை சுத்தம்,” என்றார் அண்ணி.

நிர்வாகி ஒரு ராஜினாமாக் கடிதத்தைக் காவலாளியின் பக்கம் நகர்த்தினார். “அப்ப இதுல கையெழுத்து போட்டுடுங்க.”

அவர் சட்டைப்பையைத் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்தார். ஒரு காதுக் கம்பி நூலால் கட்டியிருந்தது. நிதானமாகப் படித்தார். மேசைமேல் தண்ணீர்க் கூஜா இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, உள்ளே இறகு விரிவது தெரிந்தது.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“அண்ணி.”

“என்னம்மா?”

“பெட்டைங்க வயிறு முட்ட முட்டையோட அலைஞ்சுதுங்க. நீங்களும் செடி எப்போ எப்போன்னு தினமும் கேட்டீங்க. இன்னும் நாள் ஆகும்னு சொல்ல எனக்கு வாய் வரல.” பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தேன். “செடி வாளியில மூணு நாள்தான் இருந்துச்சு. மிச்ச பதினோரு கையெழுத்தும் அன்னைக்கே உக்காந்து போட்டது.”