வாய் திறந்து எடுத்த அளவு

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். வாயை மூடிக்கொள்வேன். நாளெல்லாம் பேசியே சம்பளம் வாங்குகிறவள் பேச்சை நிறுத்தினால் வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்பது என் எண்ணம். "தண்டனையா? லீவு விட்ட மாதிரி இருக்கு" என்பார் என் கணவர். அந்த மனுஷனை விடுங்கள்.

நான் ஒரு டிவி நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். நேரடி ஒளிபரப்பு. விருந்தினர் ஒருவரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர் என் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பார். அடுத்த கேள்விக்குப் போங்க, விளம்பரம் வருது, முடிங்க. அதற்காகத்தான் காதுக்குள் செருகும் அந்த இயர்போன். அந்தச் சனியன் என் காதில் நின்றால்தானே!

என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். முனையில் மாட்டும் ரப்பரில் சின்னதைப் போட்டால் வழுக்கியது, பெரியதைப் போட்டால் வலித்தது. வலது காதில் வலித்தால் இடது காதுக்கு மாற்றுவேன். இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்பாஞ்ச் முனை வாங்கினேன். அதை விரலால் உருட்டி நசுக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, உள்ளே உப்பும்வரை பிடித்திருந்தால் நன்றாகத்தான் நிற்கும். பாதி நிகழ்ச்சியில் காது சூடாகி அரிக்கும். விருந்தினர் தன் சோகக் கதையைச் சொல்லும்போது நான் காதைக் குடைய முடியுமா? கடைசியில் டேப் போட்டு ஒட்டினேன். பேசப் பேச அதுவும் நழுவியது.

நழுவினால் 'முடிங்க' என்பது எனக்குக் கேட்காது. கேட்காவிட்டால் நான் பேசிக்கொண்டே இருப்பேன். எங்களுக்கு அடுத்து வரும் செய்தி மூன்று முறை தாமதமாகத் தொடங்கியது என்னால்தான். தயாரிப்பாளர் கூப்பிட்டுச் சொன்னார்:

"திங்கட்கிழமை நேரத்துக்கு முடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா உங்களப் பதிவு பண்ற நிகழ்ச்சிக்கு மாத்திடுவேன். அங்க எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க, நாங்க வெட்டிக்கிறோம்."

வெட்டிக்கொள்வார்களாம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கணத்தில் நான் சொல்வதை இந்தக் கணத்திலேயே யாரோ கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த வேலையில் உயிர். அதை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

காதின் அளவுக்கே அச்சு எடுத்துச் செய்துகொள் என்றார்கள். எங்கள் ஊரில் அதைச் செய்கிற ஒரே ஆள் என் நாத்தனார். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கிளினிக் வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் அவளோடு நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் மொத்தமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "அண்ணி நிகழ்ச்சிக்கு வர்றவங்க பாவம். வாயத் திறக்கவே விடமாட்டேங்குறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரித்ததில் புரையே ஏறிவிட்டது.

வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தேன். எதற்கு வந்திருக்கிறேன் என்பதைக் கணவர் போனில் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. பிடிவாதத்தில் அந்தக் குடும்பமே ஒரு தினுசு. சின்ன விளக்கால் காதைப் பார்த்தாள், நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்தாள், சிரிஞ்சில் இருந்த இளஞ்சிவப்புக் களிம்பை இரண்டு காதிலும் நிரப்பினாள். அது குளுகுளுவென்று இறங்கி இறுகும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே முறைத்தேன். அளவு எடுத்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த அளவில் செய்து இயர்போன் முனையில் மாட்டிய அச்சு வந்தது. ஆஹா, என்ன சுகம்! வலியில்லை, அரிப்பில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை உலுக்கினேன், அசையவே இல்லை. கணவர் பேசுவதும் கேட்கவில்லை, அது தனி லாபம். மறுநாள் ஒத்திகையில் "காலை வணக்கம்" என்று வாயைத் திறந்தேன். காதிலிருந்து அச்சு மெதுவாக வெளியே எட்டிப் பார்த்தது. வாயை மூடினால் சமர்த்தாக உட்கார்ந்தது. திறந்தால் கிளம்பியது.

வீட்டில் செய்து காட்டியபோது கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அளவு எடுக்கும்போது எப்படி உட்கார்ந்திருந்தே?"

"சும்மாதான்."

"உம்முன்னா?"

நான் அச்சைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டேன்.

"அப்போ அது உன் கோபத்துக்கு எடுத்த அளவு. போ, போய் அவகிட்டப் பேசு."

திங்கட்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது. வீறாப்பா, வேலையா? போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன்: "பேசினா விழுது."

நாத்தனாரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் விரலைப் பிடித்து என் காதுக்குள்ளேயே வைத்தாள். "வாயத் திறந்து மூடுங்க." திறந்து மூடினேன். விரலுக்கடியில் காதுக் குழி நெளிந்தது.

"தாடை அசைஞ்சா உள்ள இடம் மாறும், அண்ணி. இன்னைக்கு நான் அளவு எடுக்கும்போது பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்தப் பேசறது?"

"உங்களுக்கா பேச்சுக்குப் பஞ்சம்?"

இரண்டு காதும் அடைபட்டதும் உலகமே நின்றுவிட்டது. என் குரல் மட்டும் குடத்துக்குள் பேசுவதுபோல் மண்டைக்குள் முழங்கியது. முதலில் எங்கள் ஸ்டுடியோ நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் தானாகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டேன். "நீ எத்தனை பேர் முன்னாடி சொன்னே தெரியுமா? மத்தவங்க சிரிச்சதுகூடப் பரவால்ல. சொன்னது நீயாச்சேன்னுதான் வலிச்சுது. உன்னை நான் நாத்தனாராவா நெனச்சிருக்கேன்?" மூக்கு அடைத்தது. அவள் உதடுகள் அசைந்தன. நீளமாக என்னவோ சொன்னாள். ஒரு எழுத்துகூட எனக்குக் கேட்கவில்லை.

களிம்பை எடுத்ததும் கேட்டேன். "என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. நேரமாச்சு, கிளம்புங்க" என்று திரும்பி நின்று கை கழுவ ஆரம்பித்தாள். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

புது அச்சை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குப் பார்த்து, திங்கட்கிழமை வரவிருந்த விருந்தினருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. "நீயே வந்துடேன்" என்றேன்.

திங்கள் காலை, விளக்குகள் எரிய, எதிரே நாத்தனார். அச்சு காதுக்குள் அட்டகாசமாக உட்கார்ந்திருந்தது. பேசினேன், சிரித்தேன், அது நகரவில்லை. காதில் இயர்போன் நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளைக் கேட்டேன்.

"ரெண்டு காதுக்கும் ஒரே அளவு ரப்பர் போடணும்னு சட்டம் ஒண்ணும் இல்லைங்க" என்று ஆரம்பித்தாள். அழகாகச் சொன்னாள். வலித்தால் அது சரியான அளவே இல்லை என்றாள். பிறகு, "பேசறவங்களுக்கு வாய அசைக்கச் சொல்லித்தான் அளவு எடுக்கணும். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தங்களுக்கு அப்படிச் செய்யல. அவங்க எங்கிட்டப் பேசல, நான் ஏன் முதல்ல பேசணும்னு வீம்பு. அவங்க வேலையே போயிருக்கும். தப்பு என் மேலதான்" என்றாள்.

கையிலிருந்த கேள்வித் தாளில் எழுத்தெல்லாம் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. நல்லவேளை, அடுத்த கேள்வி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஏனென்றால் அவள் நிறுத்தவில்லை. காது அழுக்குக்குப் போனாள். பஞ்சுக் குச்சியைத் திட்டினாள். அதிலிருந்து நீச்சல் குளத்துக்குத் தாவினாள்.

"முடிங்க" என்றார் தயாரிப்பாளர், என் காதுக்குள் தெள்ளத் தெளிவாக.

"ரொம்ப நன்றி, இவ்வளவு நேரம்..."

"இருங்க அண்ணி, இதை மட்டும் சொல்லிடறேன்."

நேரடி ஒளிபரப்பில் அண்ணியாம்!

"முடிங்க, முடிங்க!"

நான் வாயை இறுக்கி மூடினேன். பல்லைக் கடித்து, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரை முறைத்தேன். முதல்முறை அவள் கிளினிக் நாற்காலியில் நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே முகம். அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதி வார்த்தையில் நின்றாள்.

"அவ்வளவுதாங்க" என்றாள்.

நான் விடைபெற்றேன். செய்தி நேரத்துக்குத் தொடங்கியது.

"நீங்க இங்கேயே இருங்க" என்றது காதுக்குள் குரல். "உங்க நாத்தனார மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வர்றவங்க பாவம்னு சொன்னியே, இன்னைக்கு யாருடி பாவம்?"

"என் காதுல யாரும் எதுவும் மாட்டி விடலையே!" என்றாள்.

"அது சரி, அன்னைக்கு என் காது அடைச்சிருந்தப்போ நீ என்னதான் சொன்னே?"

"அதைத்தானே அண்ணி இப்ப ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னேன்" என்றாள்.