அண்ணாச்சிக்கு நாக்கு மாட்டிக்கிட்டு

கோமதிநாதன் ஓய்வு பெற்று ஒரு வருஷமாகியும் ஓய்வு இன்னும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் நின்ற கேம்பர் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தாலே தெரியும். ‘நடமாடும் இல்லம். கோ. கோமதிநாதன், துணை வட்டாட்சியர்’ என்று முழ உயரத்தில் எழுதி, அதற்குப் பின்னால் ‘ஓய்வு’ என்பதை எறும்பு வாசிக்கிற அளவில் போட்டிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. எஞ்சின்தான் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டித்தான் இழுத்துப் போக வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி குற்றாலத்துக்குக் கிளம்பியாக வேண்டும், இல்லையென்றால் அவர் மனைவி ஆனந்தி தனியாக பஸ்ஸில் போய்விடுவாள். சும்மா மிரட்டவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றுதான் சொன்னாள். முப்பத்தோரு வருஷமாக ‘அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம்’ என்று அவர் நிலுவையில் வைத்திருந்த கோப்பு அது.

“பத்தரை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் நீங்களும் ஒங்க இல்லமும் இங்கனயே நடமாடிக்கிட்டுக் கெடங்க.”

வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புச் சட்டத்துக்கு நாக்கு என்று பேர். அதை ஒரு ஜாக்கி தாங்கி நிற்கும். ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றினால் நாக்கு மெல்ல இறங்கி, காரின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டின் மேல் உட்காரும். அவ்வளவுதான் விஷயம். வண்டி செய்துகொடுத்த கோயம்புத்தூர்க்காரர்கள் ‘டங் ஜாக்’ என்றதை நம்மவர் ‘நாக்கு ஜாக்கி’ என்று தமிழாக்கம் செய்து, ஒரு வாரமாகத் தெருவில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்திருந்தார்.

ஒன்பதரைக்குக் கைப்பிடியைப் பிடித்தார். அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். அப்போதும் அசையவில்லை.

“உற்பத்திக் குறைபாடு,” என்று தீர்ப்புச் சொன்னார்.

அங்கேயே நின்று, ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டு மூன்று பக்கப் புகாரைக் கம்பெனிக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அதில் பதினைந்து நிமிஷம் போனது. பிறகு ஒரு தண்ணீர்க் குழாயைக் கைப்பிடியில் சொருகி, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டார். டொக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

“சுத்துது! ஏட்டி ஆனந்தி, சுத்துதுட்டி! பாத்தியா, இதுக்குப் பேருதான் நெம்புகோல் தத்துவம்!”

ஆனந்தி எட்டிப் பார்த்தாள். “கைப்பிடி சுத்துது, சரி. நாக்கு எறங்கலையே.”

எறங்கத்தான் இல்லை. இன்னும் இருபது சுற்றுச் சுற்றினார். மாவாட்டியிருந்தால் இந்நேரம் தெருவுக்கே தோசை ஊற்றியிருக்கலாம். கடைசியில், யாரிடம் போகக்கூடாது என்று இருந்தாரோ அவனுக்கே போன் போட்டார். முகம்மது அப்சல் கடையநல்லூர்க்காரன். பத்து வருஷம் துபாயில் இதே மாதிரி வண்டிகளைப் பாலைவனத்தில் மேய்த்துவிட்டு வந்து, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான்.

லைன் சரியில்லை. கோமதிநாதன் தெரு அதிரக் கத்தினார்: “அப்சல்! நாக்கு மாட்டிக்கிட்டு! அசைய மாட்டேங்கு! ஒடனே வா!”

பக்கத்து வீட்டு இசக்கித்தாய் அடுக்களையில் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

அப்சல் பத்து மணிக்கு வந்தான். நாக்குக்கு அடியில் வேறொரு ஜாக்கியை வைத்துப் பாரத்தை வாங்கினான். கைப்பிடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

“கைப்பிடிக்குள்ள இருக்க பின்னை முறிச்சிட்டியளே அண்ணாச்சி. அது கெடக்கட்டும், ஒரு ஆணியப் போட்டுச் சமாளிச்சிரலாம். மொதல்ல எதுக்கு இறுகுச்சின்னு பாப்போம்.”

மேல்மூடியைத் திறந்தான். உள்ளே பல்லுச்சக்கரமே தெரியவில்லை. கருப்பாக, கெட்டியாக, எள்ளுருண்டை போல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது.

“இது சக்கரம் தேஞ்சு விழுந்த தூளுன்னா புதுச் சாமான் வரணும். ஒரு வாரம் ஆவும். வெறும் மண்ணுன்னா டீசல்ல கழுவுனா அஞ்சு நிமிஷம். என்னதுன்னு தெரியாம ஆணியப் போட்டுச் சுத்துனா மொத்தமும் போயிரும். இதை இதுக்கு முன்னால யாராவது தொறந்தாவளா?”

கோமதிநாதன் போனை எடுத்துக் காட்டினார். “தேய்மானம்தான். புகார்லயே குறிப்பிட்டிருக்கேன்.”

“அப்போ ஒரு வாரம்,” என்றான் அப்சல்.

ஆனந்தி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தாள். “தென்காசி பஸ் பத்து முப்பத்தஞ்சுக்கு.”

அந்த நேரம் பார்த்துத்தான் இசக்கித்தாய் பாதித் தெருவோடு வந்து சேர்ந்தாள். ஒருத்தி கையில் குளுக்கோஸ், இன்னொருத்தி கையில் விசிறி. இசக்கித்தாயின் கையில், இலையில் மடித்த புற்றுமண். கோயிலில் வாங்கியது. இந்த ஊரில் எந்த நோவுக்கும் அதுதான் முதல் மருந்து, டாக்டர் அடுத்தபடிதான்.

“அண்ணாச்சி, பேசாதிய, அலட்டிக்காதிய. வாயை மட்டும் தொறங்க. நாக்குல லேசாத் தடவிவிடுதேன்.”

கோமதிநாதன் அந்த மண்ணைப் பார்த்தார். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை.

“ஐயோ, நெசமாவே நாக்கு இழுத்துக்கிட்டே!” என்று விசிறிக்காரி வீசத் தொடங்கினாள்.

அவருக்கு நாக்கு இழுக்கவில்லை, ஞாபகம் வந்திருந்தது. போன வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை. மற்றவர்களெல்லாம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் பூசி முடித்துக்கொள்வார்கள். இவர் தொழில்நுட்பம் தெரிந்தவர். வண்டிக்குப் பலமே நாக்கில்தான் என்று, யாரும் பார்க்காத நேரம் ஸ்குரு டிரைவரால் மூடியைத் திறந்து, புற்றுமண்ணை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு கை நிறைய உள்ளே அப்பியிருந்தார்.

அப்சல் இலையைப் பார்த்தான். ஜாக்கியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, உள்ள மண்ணா?”

“மண்... இடப்பட்டிருக்கலாம்.”

“யாரு இட்டா?”

“பூஜையின்போது, மேற்படி நபரால்...”

“மேற்படி நபருன்னா யாருங்க?” என்றாள் ஆனந்தி, தெருவிலிருந்து. அவள் பத்தடி போயிருந்தாள்.

கோமதிநாதனுக்கு மூன்று பக்கப் புகார் நினைவுக்கு வந்தது. சுற்றி நின்ற பாதித் தெரு கண்ணில் பட்டது. தோளில் பையோடு போகிற ஆனந்தியின் முதுகும் பட்டது. அது இன்னும் ஓரடி தள்ளிப் போனது.

“நாந்தாம்ட்டி!” என்று கத்தினார். “நாந்தான் அப்புனேன்! புற்றுமண்ணு! ஒரு கை நெறைய!”

இசக்கித்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

“நாக்கு வந்துட்டு! ஏட்டி ஆனந்தி, ஓடியா! அண்ணாச்சிக்குப் பேச்சு வந்துட்டு! நான் இன்னும் தடவக்கூட இல்ல, மண்ணைக் காட்டுனதுக்கே வந்துட்டு!”

அப்சல் சிரித்த சிரிப்பில் டீசல் பாதி தரையில் சிந்தியது. மிச்சப் பாதியில் சக்கரத்தைக் கழுவி, கிரீஸ் வைத்து, ஆணியைச் சொருகினான். கோமதிநாதன் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். திரும்பி வந்திருந்த ஆனந்தி அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே சுற்றினாள். வெண்ணெய் மாதிரி சுற்றியது. நாக்கு இறங்கிக் குண்டின் மேல் டக்கென்று உட்கார்ந்தது. மணி பத்து இருபத்தேழு.

புளியங்குடி ரோட்டில் திரும்பும்போது கம்பெனியிலிருந்து பதில் வந்தது: ‘ஐயா, ஜாக்கியின் மேல்மூடியைத் திறந்தது யார்?’

கோமதிநாதன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனை ஆனந்தியிடம் நீட்டினார். அவள் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினாள்.

‘மேற்படி நபர்.’