பராசக்தி வீட்டுப் பங்கர்

அந்த மாரியில் அச்சுவேலியில் நுளம்பு பெருத்துப்போய், பராசக்தியின் பக்கத்து வீட்டுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சண்டிலிப்பாயிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு கிழமைகூட ஆகாத சுகாதாரப் பரிசோதகர் குகதாசன் வளவு வளவாக ஏறி இறங்கினார். சிரட்டையும் பழைய ரயரும் தேடிப் போனவருக்குப் பராசக்தியின் மாமரத்தடியில் ஒரு பங்கரே அகப்பட்டது. பொம்பர் விமானங்கள் குண்டு போட்ட சண்டைக் காலத்தில் குடும்பமாகப் பதுங்கிய குழி. ஊரார் தங்கள் பங்கர்களை எப்போதோ தூர்த்துவிட்டார்கள். மேசனாயிருந்த பராசக்தியின் புருஷன் சீமெந்தால் கட்டியது மட்டும் கூரை இடிந்து, தண்ணீர் நிரம்பி, நுளம்புப் புழுக்கள் நெளியக் கிடந்தது.

குகதாசன் நல்ல மனிதர்தான், சட்டம் கதைக்கத் தொடங்கும்வரை. இன்றைக்கே மண் போட்டு மூடவேண்டும், இல்லையென்றால் வழக்கு என்றார். பராசக்தி மசியவில்லை. அவளுடைய பிள்ளைகள் உயிரோடிருப்பதே அந்தக் குழியால்தான்.

“இனிச் சண்டை வராதெண்டு கையெழுத்து வைச்சுத் தாங்கோ தம்பி, இப்பவே மூடுறன்.”

எந்த அதிகாரி அதற்குக் கையெழுத்து வைப்பான்? கோபத்தில் குகதாசன் வழக்கு எழுதப் பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மாமரத்துக்கு மேலே ஒரு இரைச்சல் தாழ்ந்து வந்தது. என்ன செய்தோம் என்று குகதாசனுக்குப் பிறகுதான் விளங்கியது. பங்கருக்குள், நெஞ்சளவு அழுக்குத் தண்ணீரில் குந்தியிருந்தார். விரல்கள் காதுகளுக்குள், பேனா பற்களுக்கிடையில். குண்டு விழுந்தால் செவிப்பறை கிழியாமலிருக்கத் தடியைக் கடிக்கும்படி சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்.

மேலே பராசக்தி நின்றபடியே நின்றாள். அவள் சிரித்திருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உது சென்னைப் பிளேன் தம்பி. பலாலி எயார்போட்டுக்குச் சனம் ஏத்திக்கொண்டு வருது.”

கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தன் பயத்தை அவள் கண்டுவிட்டாளே என்று குகதாசனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் தந்த தேத்தண்ணீரை ஈர உடுப்போடேயே குடித்து முடித்தார்.

வழக்குப் பேச்சை அதன்பிறகு இருவருமே எடுக்கவில்லை. கிணற்று மோட்டரைப் பூட்டி அடிச் சேறு தெரியுமட்டும் இறைத்தார்கள். மேலே தகரம் போட்டு, நுளம்பு நுழைய இடமில்லாமல் விளிம்பெல்லாம் குகதாசனே சீமெந்து பூசினார். இறங்கும் வாசலுக்கு மட்டும் இறுக்கமான ஒரு மூடி வைத்தார். மண் போடு என்று அவர் திரும்பச் சொல்லவில்லை.

புறப்பட்டபோது பராசக்தி படலை வரைக்கும் வந்தாள்.

“என்ரை பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டிலை. உள்ளுக்கை இடம் கிடக்கு. ஏதும் நடந்தா பெண்சாதி பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வாங்கோ.”

“ஓம் அம்மா” என்றார் குகதாசன். அதை அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை.