சத்திரக்காரியின் கை

ஹொல்கரின் கன்னத்தில் தேனுஜாவின் கை படவேயில்லை. ஒரு சாண் தள்ளிக் காற்றில்தான் போனது. ஆனாலும் 'பளார்' என்று சத்தம் கேட்டது. ஹொல்கர் தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் இருந்த பீப்பாயின்மேல் போய் விழுந்தார். மேடையில் அடிக்கிறவருக்கும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடிவாங்குகிறவர்தான், சபையின் கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றோடு அணைத்து, தன் கைகளைத் தானே தட்டிக்கொள்ளவேண்டும். அந்த நேரம் பார்த்து வாத்தியங்கள் எல்லாம் ஒரு கணம் வாயை மூடும். அடி விழும். உடனே பெரிய மேளம் முழங்கும். எல்லாம் சரியாகப் பொருந்தினால் சனம் சிரிக்கும். ஒன்று பிந்தினாலும் கொட்டாவிதான் விடும்.

"இல்லை," என்று இருட்டுக்குள்ளிருந்து சாண்ட்ராவின் குரல் வந்தது. அவள்தான் இயக்குநர். "நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடிக்கிறாய், தேனுஜா. உன் கை அந்த மனிதனைப் பார்த்துப் பயப்படுகிறது."

லைப்சிக்கிலிருந்து ரயிலில் போகக்கூடிய ஒரு சின்ன நகரத்தின் ஒபெரா அரங்கு அது. பெரிய நகரங்கள் பெரிய துயரங்களைப் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் வருடத்துக்கு ஒருமுறை யாரும் தொடாத பழைய நகைச்சுவை ஒன்றைத் தூசி தட்டி எடுப்பார்கள். இந்த வருடம் 'சத்திரக்காரி'. இயற்றியவரின் பெயரை வாத்தியக்காரரே இசைக்குறிப்புத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஒரு சத்திரத்தில் கணவனும் மனைவியும். மனைவி பொய் சொல்லும்போதெல்லாம் கணவன் அவளைச் சாத்துவான். இவ்வளவுதான் கதை. அந்தக் காலத்து ஜெர்மன்காரர் இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அப்படிச் சிரித்தால் பத்திரிகைக்காரன் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான் என்பதால் சாண்ட்ரா ஆட்களை மாற்றிப் போட்டாள். இப்போது பொய் சொல்வது கணவன், அதாவது ஹொல்கர்; அடிப்பது மனைவி. அடியில் மட்டும் சாண்ட்ரா கை வைக்கவில்லை. விளக்குமாற்றால் ஒன்று, அகப்பையால் ஒன்று, கடைசியில் கன்னத்தில் ஒன்று என்று மூன்று அங்கத்துக்கும் குறைவில்லாமல் இருந்தது.

குழுவில் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த தேனுஜாவுக்கு இது முதல் பெரிய வேடம். முதன்மைப் பாடகி வேறு அரங்குக்குப் போய்விட்டதால் கிடைத்தது. அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் நீளுமா இல்லையா என்பதும் இதில்தான் தங்கியிருந்தது. ஆனால் அவளுடைய பயம் அதுவல்ல. ஹனோவரில் அஷ்வத் என்ற சென்னைப் பையனோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாள். ஒருநாள் சமையலறையில் வாக்குவாதம் முற்றியபோது அவளுடைய வலது கை தானாகவே மேலே எழுந்தது. விழவில்லை. எழுந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. அடுத்த கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். காரணம் கேட்டவனிடம் வேலை என்றாள். அப்பாவின் கை தன்னிடம் இருக்கிறது என்று ஒருவனிடம் எந்த வாயால் சொல்வது?

அன்று பிற்பகல் ஒத்திகையில் ஹொல்கர் திரும்பத் திரும்பக் கைதட்டப் பிந்தினார். சாண்ட்ரா கத்தினாள். மேளக்காரர் முணுமுணுத்தார். தேனுஜா எதையும் யோசிக்காமல், கையில் கிடந்த பித்தளைக் காப்பைக் கழற்றினாள். அதை அவசரமில்லாமல் மேசைமேல் வைத்தாள். உருளாதபடி விரலால் ஒருமுறை அழுத்தினாள். பிறகு திரும்பி அடித்தாள்.

கை படவில்லை. ஆனால் ஹொல்கர் உண்மையாகவே பின்வாங்கினார். சாண்ட்ரா எழுந்து மேடைக்கே ஓடிவந்தாள்.

"இதுதான்! அந்தக் காப்பு! ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இதைச் செய். மூன்றாம் அங்கத்தில் நீ காப்பைத் தொட்டாலே சபை சிரிக்கும். இதை எங்கே கற்றாய்?"

"வீட்டில்," என்றாள் தேனுஜா.

சாண்ட்ரா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

தேனுஜாவின் அப்பா மகேந்திரராஜா அடிப்பதற்கு முன் கையில் கட்டிய மணிக்கூட்டைக் கழற்றுவார். அகதியாக வந்து உணவகத்தில் பாத்திரம் கழுவிய முதல் சம்பளத்தில் வாங்கிய மணிக்கூடு. கண்ணாடி உடைந்துவிடக் கூடாது என்று அதை பிரிட்ஜின்மேல் பக்குவமாக வைத்துவிட்டுத்தான் திரும்புவார். மணிக்கூட்டுக்கு இருந்த மரியாதை அம்மாவின் கன்னத்துக்கு இருக்கவில்லை. ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகவேண்டிய டெர்மின் தேதி ஒன்றை அம்மா மறந்துபோனாள். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மணிக்கூடு கழன்றது. முதலில் மேற்கையைப் பிடித்தார், அவள் விலகாதபடி. அப்படித்தான் எப்போதும் தொடங்கும். அடித்த அடியில் அம்மாவின் தலை அலுமாரிப் பிடியில் மோதிப் புருவம் பிளந்தது. களைந்த அரிசித் தண்ணீர் சிவந்துபோனதை வாசலில் நின்ற தேனுஜா பார்த்தாள். "அடியாத மாடு படியாது," என்றார் அப்பா. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்த சனத்துக்கும் குறைவில்லை. அந்தக் கை அணைத்ததை தேனுஜா ஒருநாளும் கண்டதில்லை. அம்மா ஒவ்வொருமுறையும் செய்தது ஒன்றே ஒன்றுதான். இடது முழங்கையை மடக்கி முகத்துக்கு முன்னால் பிடிப்பாள்.

நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு அப்பா அடங்கிப்போனார். இப்போது வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார், கோயிலுக்குக் காரில் கூட்டிப்போகிறார். தங்கமான மனுசன் என்று ஊர் சொல்கிறது. நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒத்திகை முடிந்ததும் தேனுஜா சாண்ட்ராவிடம் போய், காப்பு வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தாள். காப்பு இல்லாவிட்டால் நாடகமே இல்லை என்று சாண்ட்ரா சொல்லிவிட்டாள். காரணத்தைச் சொல்ல தேனுஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அடித்தவருக்கு இல்லாத வெட்கம் பார்த்தவளுக்கு ஏன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, இந்த நாடகத்தில அடி கூட. நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை."

"நாங்கள் காணாத அடியே?" என்றாள் சிவகௌரி. பின்னால் தாச்சியில் ஏதோ பொரியும் சத்தம். "நீ அடிக்கிறியோ, வாங்கிறியோ?"

"அடிக்கிறன்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைத்திருக்கவேண்டும். பொரியும் சத்தம் ஓய்ந்தது.

"அப்ப வாறன்," என்றாள் அம்மா.

முதல் காட்சியன்று இருவரும் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். அம்மா கூறைச்சேலைக்கு மேலே குளிர்கோட்டு மாட்டியிருந்தாள். அவளுடைய கைப்பையை அப்பா சுமந்துகொண்டு நின்றார். "இதிலை இரும், கால் நோகும்," என்று அவளுக்கு நாற்காலி இழுத்துப்போட்டார். பார்க்கிறவர்கள் கண்படும் என்று நினைக்கக்கூடிய சோடி.

"உன்ர அம்மாவுக்கு இதுகள் விளங்குமோ தெரியாது," என்றார் மகளிடம். "நான் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கிறன்."

அம்மா மகளின் பித்தளைக் காப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

முதல் அங்கத்தில் தேனுஜா காப்பைக் கழற்றியபோது சபைக்கு ஒன்றும் புரியவில்லை. அடி விழுந்தபிறகு சிரித்தார்கள். இரண்டாம் அங்கத்தில் அகப்பையை எடுக்குமுன் காப்பு கழன்றது. கழற்றும்போதே சிரிப்பு கிளம்பிவிட்டது. சாண்ட்ரா சொன்னது பலித்தது. அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. கீச்சென்று உயர்ந்து, உடைந்து, மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் ஓயாமல் இருந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்ததால் யாரென்று தெரியவில்லை.

மூன்றாம் அங்கத்தில் சபையிலும் விளக்குப் போடுவார்கள். பார்வையாளர்கள் எல்லோரும் சத்திரத்து விருந்தாளிகள் என்பது சாண்ட்ராவின் யோசனை. விளக்கு ஏறியதும் மூன்றாம் வரிசை துலக்கமாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது அம்மா.

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் அம்மாவைத்தான் தேனுஜாவுக்குத் தெரியும். இவள் வாயைத் திறந்து, தொடையில் தட்டி, கண்ணீர் கன்னத்தில் வழிய, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். விளங்காமல் சிரிக்கவில்லை. மண்டபத்திலேயே எல்லாம் விளங்கியவள் அவள் ஒருத்திதான். தேனுஜாவுக்கு நெஞ்சு நிறைந்தது. பாட்டின் நடுவிலேயே அழுதுவிடுவாள் போலிருந்தது. நல்ல வேளை காப்பை விடாமல் இருந்தேன் என்று நினைத்தாள். பக்கத்தில் அப்பா மரக்கட்டையாய் இருந்தார். முகம் கறுத்திருந்தது. அவருக்கும் விளங்கிவிட்டது.

ஹொல்கர் கடைசிப் பொய்யைப் பாடி முடித்தார். தேனுஜா காப்பைத் தொட்டதுதான் தாமதம், மண்டபம் கொல்லென்றது. அவள் கழற்றினாள். மேசைமேல் வைத்தாள். விரலால் அழுத்தினாள். அம்மாவின் சிரிப்பு எல்லாருக்கும் மேலால் போனது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். "காணும், நிப்பாட்டு" என்று அவருடைய உதடு அசைந்தது. அம்மா நிறுத்தவில்லை. அப்பாவின் கை நீண்டு அவளுடைய மேற்கையைப் பிடித்தது. இறுக்கியது.

வாத்தியக்குழு நடத்துநரின் கோல் நின்றது. வாத்தியங்கள் வாயை மூடின. ஹொல்கர் வயிற்றோடு கைகளைச் சேர்த்துத் தயாராக நின்றார். ஒரு சாண் தள்ளி என்பது தேனுஜாவுக்கு மறந்துபோனது. எதிரே நிற்பது யார் என்பதும் மறந்துபோனது.

இந்தமுறை 'பளார்' என்று கேட்கவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல மொத்தென்று கேட்டது. உண்மையான அடியின் சத்தம் பெரிதாக இருக்காது. ஹொல்கரின் தலை சாய்ந்து மேசை விளிம்பில் மோதியது. எழுந்தபோது கீழுதடு கிழிந்து நாடியில் இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மேளக்காரர் ஒரு கணம் தடுமாறிவிட்டு அடித்தார். ஹொல்கர் முப்பது வருடம் மேடையில் நின்ற மனிதர். அதே இரத்தத்தோடு சபையைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். இரத்தம் சாயம் என்று நினைத்து மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவும் அம்மாவின் கையை விட்டுவிட்டு எழுந்தார். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரிடம் என்னவோ சொல்லி, என் மகள் என்பதுபோல நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவரும் கைதட்டினார்.

தேனுஜாவின் உள்ளங்கை எரிந்தது. நெருப்பில் வைத்ததுபோல எரிந்தது, அது சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகம்தான் அவளைப் பதறவைத்தது. இத்தனை வருடமாக எந்தக் கையிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தாளோ அது அவளுடைய தோளிலிருந்துதான் தொங்கியது.

அவள் அம்மாவைத் தேடினாள். எழுந்து நின்ற சனத்துக்கு நடுவே அம்மா மட்டும் இருந்தபடியே இருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இடது முழங்கை மடங்கி முகத்துக்கு முன்னால் உயர்ந்திருந்தது. கைதட்டிக்கொண்டிருந்த கணவனின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. அந்த முழங்கைக்கு மேலால் தெரிந்த கண்கள் மேடையைப் பார்த்திருந்தன, மகளின் வலது கையை.

நடத்துநர் கோலை உயர்த்தினார். அடுத்தது சத்திரக்காரியின் மகிழ்ச்சிப் பாட்டு. வயலின்கள் தொடங்கிவிட்டன. தேனுஜா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். மூன்றாம் வரிசையில் அம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை.