மூன்று ஏசியும் ஒரு சிவப்பு ஒயினும்

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். ஊரில் பாதி வீடுகள் அவர் கையால்தான் குளிர்கின்றன. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. "இதோ, அடுத்த மாசம்" என்று சொல்லிச் சொல்லியே இருபத்து மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் சத்தம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. எங்களுக்கும் பிடித்திருந்தது. பையனுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். அவர் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பத்திரண்டு வருடமாக ஒயின் பரிமாறுகிறவர். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வர்றேன். பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லையாம். என் மகளோ, "அவங்கப்பா மனசார சரின்னு சொல்லணும். இல்லேன்னா இந்தக் கல்யாணமே வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அப்படியே அப்பன்.

வியாழக்கிழமை பையன் ஒரு பாட்டிலோடு வந்தான். சிவப்பு ஒயின். "அப்பா குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து குடிக்கலாம்னாரு" என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"ஆன்ட்டி, தயவுசெஞ்சு ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெச்சிடாதீங்க. எங்க மாமா ஒருத்தரு ரெட் ஒயினை ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்துக் குடுத்தாருன்னு, அப்பா அவர்கிட்ட ஒரு வருஷம் பேசல."

போதாதா? அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த பாட்டில்தான் மாப்பிள்ளை.

மகள் லேபிளைப் படித்தாள். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து ஹால் நடுவில் பிடித்தார். முப்பத்தாறு.

"எந்த அறைன்னு போடலையே" என்றார்.

மகள் போனில் தேடினாள். குளிர் நாட்டில், ஹீட்டர் எல்லாம் வருவதற்கு முன்னால் இருந்த அறையாம் அது. பதினேழு டிகிரி இருக்குமாம். முப்பத்தாறில் குடித்தால் ருசி ஒன்றும் தெரியாது, காட்டம்தான் மூக்கில் ஏறுமாம்.

"ஒரு வாளித் தண்ணியில ஐஸைப் போட்டு அதுக்குள்ள பாட்டிலை..." என்று ஆரம்பித்தேன்.

"பாட்டிலைப் பத்தியா எழுதியிருக்கான்? அறைன்னுல எழுதியிருக்கான்! அறையைத்தான் சரி பண்ணணும்" என்றார். அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. யாருக்கும் பிடிபடாத கம்ப்ரசர் ஒன்று கையில் சிக்கினால் வருகிற களை. இருபத்து மூன்று வருடம் குப்பை கொட்டிய எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை பட்டறையிலிருந்து வேனில் மூன்று ஜன்னல் ஏசிகள் வந்து இறங்கின. யார் யார் வீட்டுடையதோ, ரிப்பேருக்கு வந்து சரியாகி நின்றவை. எங்கள் ஹாலில் மூன்று ஜன்னல். மூன்றிலும் மாட்டினார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. இந்த பாட்டில் வாயே தொறக்கல, மூணு வந்திருக்கு!" என்றேன்.

"ஓட்டிப் பாத்துத்தான குடுக்கணும்? டெஸ்டிங்" என்றார், முகத்தைக்கூடத் திருப்பாமல். மூன்றும் ஓடும்போது நான் மிக்ஸி போடக் கூடாது என்று உத்தரவு வேறு.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, பாட்டிலில் கட்டியிருந்த தெர்மாமீட்டர் பதினேழு காட்டியது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். நான் ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருந்தேன்.

பையனும் அப்பாவும் வெயிலில் நடந்து வந்தார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "வாங்க, வாங்க, சீக்கிரம் உள்ள வாங்க" என்று அவரை இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார் இவர், குளிர் வெளியே போய்விடக் கூடாதாம். பாவம் மனிதர், உட்காருவதற்கு முன் ஐந்து தும்மல் போட்டார்.

சூப் மேசைக்கு வருவதற்குள் ஆறிப்போனது. கோழி மேல் கொழுப்பு உறைந்து நின்றது. நான் அலமாரியைத் திறந்து ஆளுக்கொரு போர்வை எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் பையனோட அப்பா கைக்குப் போனது பூப்போட்டது. அதைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் மகள் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

"உங்க வீட்ல எப்பவும் இப்படித்தானா, சார்?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார். லேபிள்ல அறை வெப்பநிலைன்னு போட்டிருந்துச்சு. எங்க அறை முப்பத்தாறு. அதான், அறையை மாத்திட்டேன்."

அவர் மூன்று ஜன்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா போதுமே" என்றார்.

"ஃப்ரிட்ஜா? தம்பி சொல்லுச்சே, அவங்க மாமாகிட்ட நீங்க ஒரு வருஷம்..."

"அவன் அதுல சோடாவையும் ஊத்தினான் சார்!"

என் வீட்டுக்காரருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. டிகிரி விஷயத்தில் ஒருவர் முன்னால் அவர் தலைகுனிந்து நான் பார்த்ததே இல்லை. அவரை இரண்டு நாளாகத் திட்டித் தீர்த்தவள் நான்தான். ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை.

"சிரிக்கணும்னா என்னைப் பாத்து சிரிங்க" என்றேன். "அந்த மனுஷன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அந்த மீட்டரையே பாத்துட்டிருந்தாரு. எல்லாம் பொண்ணுக்காகத்தான்."

பையனோட அப்பா சிரிக்கவில்லை. எழுந்தார். போர்வை நழுவியதைக்கூடக் கவனிக்காமல் கார்க்கைத் திருகி எடுத்தார். மேசைமேல் கிடந்த துண்டால் பாட்டிலின் கழுத்தைத் துடைத்தார். அதைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து நான்கு பேருக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். தன் கிளாஸைத் தொடவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வீட்லயும் இப்படித்தான் ஆன்ட்டி" என்றான் பையன் மெதுவாக. "உக்காரவே மாட்டாரு."

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். "இங்க நீங்க விருந்தாளி. உக்காருங்க சார்." இவருக்கு ஊற்றத் தெரியவில்லை, மேசைவிரிப்பெல்லாம் சிவப்பு. எப்படியோ கிளாஸில் பாதி விழுந்தது.

அவர் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்து, விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகள் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சரியா பதினேழு" என்றார். "முப்பத்திரண்டு வருஷம். எத்தனை பேருக்கு டிகிரி பாத்து ஊத்தியிருப்பேன்! எனக்குன்னு யாரும் பாத்ததில்ல. நானும் கேட்டதில்ல."

என் வீட்டுக்காரருக்கு இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வதென்று தெரியுமா? "இன்னும் ஒரு டிகிரி வேணா குறைக்கவா?" என்றார்.

அவ்வளவுதான், அவர் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸை நீட்டினார்.

"வேணாம், வேணாம். இதே போதும். நீங்க ஊத்துங்க, சம்பந்தி."

என் மகள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பையன் கண்ணும் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்து, பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஏசியை அணைக்க ஓடினார்.