இரண்டு இல்லாத வீடு

3.

இந்தக் கதை என்னுடையது அல்ல. மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கையில் உட்காரும் லியூ புதன்கிழமை சொன்னது. மூன்று நாளாக என் குறிப்பேட்டில் எழுதுகிறேன், அடிக்கிறேன்.

3 என்று தொடங்கியது பிழையல்ல. லியூவை வீட்டில் 'மூணு' என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கை 'நாலு'. எங்கள் ஊர் சா தெக்கில் தலைப்பிள்ளை எப்போதும் 'ரெண்டு'. 'ஒன்று' என்று யாரையும் கூப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 'மா' என்றால் எங்கள் பேச்சில் அம்மா. மாவுக்கு லியூதான் தலைப்பிள்ளை. அப்படியானால் அவள் ஏன்—

(முடித்தால் கதையும் முடிந்துவிடும். விட்டுவிடுகிறேன்.)

4.

முதல் தொடக்கம்: 'அன்று மழை பெய்து—' அடித்துவிட்டேன். லியூ மழை என்று சொல்லவேயில்லை.

இரண்டாம் தொடக்கம்: லியூவின் அப்பாவுக்கு ஆறாவது திதி. இளநீரில் வெந்த பன்றிக்கறியும் வாத்துமுட்டையும் படையலில் ஆவி விட்டன. ஊதுவத்தியை முதலில் ஏற்றுவது மூத்தபிள்ளையின் உரிமை. ஒவ்வொரு திதிக்கும் மூணுதான் ஏற்றினாள். அப்பாவுக்கென்று அவள் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

நம் வீட்டில் ரெண்டு எங்கே என்று சின்ன வயதில் மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு தங்கலடி."

தங்காத பிள்ளையைப் பற்றி மறுபடி யார் கேட்பார்கள்?

5.

அவள் வத்தியைப் பற்றவைத்த நேரம் வாசலில் ஒருவன் செருப்பைக் கழற்றினான். முப்பது வயதிருக்கும். கையில் பை நிறைய பம்பளிமாஸ். அவனுக்கு அப்பாவின் காதுகள். (காதுகளை நான் நம்பவில்லை. லியூ சொன்னதால் வைத்திருக்கிறேன்.)

மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா ரெண்டு? உள்ள வா."

கங்கு விழுந்து விரல் சுட்டது மூணுக்குத் தெரியவில்லை.

"மா, யாரை ரெண்டுங்கிற?"

"உங்கப்பாவோட மூத்த சம்சாரத்துக்குப் பொறந்தவன். நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவ பிள்ளையத் தூக்கிட்டு கா மௌ ஊருக்குப் போயிட்டா."

"தங்கலன்னு சொன்னியே!"

"தங்கலன்னுதான் சொன்னேன். செத்துப்போச்சுன்னா சொன்னேன்?"

நாலு சிரித்தாள், அழுகைபோல இருந்தது. "மூத்தவ சொல்றேன், மூத்தவ சொல்றேன்னு என்னை என்ன விரட்டு விரட்டின! இப்ப நீயும் நடுப்பிள்ளதான். வாக்கா, வந்து வரிசையில நில்லு."

"வாய மூடுடி."

2.

இந்த எண்ணை நான் ஒரு பக்கம் காலியாக வைத்திருந்தேன். மா இருபத்துநான்கு வருடம் வைத்திருந்தாள். 'மூணு, சாப்பிட வா' என்று அவள் கத்திய ஒவ்வொரு தடவையும் ஒருவனை எண்ணிவிட்டுத்தான் கத்தியிருக்கிறாள். இதைக் கேட்டபோது என் பேனா கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை.

[அவனை என்னவென்று எழுதுவது? 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்று எழுதி அடித்தேன். அது பெரியப்பா பிள்ளைக்கு உரியது. ஆனால் அந்த வீட்டில் ஒன்றை விட்டுத்தான் எண்ணினார்கள். 'மாற்றாந்தாய் மகன்'? மாற்றாந்தாய் அவனுக்குத்தான், மூணுக்கு இல்லை. அதையும் அடித்தேன்.]

அவன் அப்பாவின் படத்தைவிட்டு எட்டியே நின்றான். "நீங்க ஏத்துங்க. நான் பின்னாடி நின்னுக்கறேன்."

மா மூணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ரெண்டண்ணா' என்றால் வத்தி கை மாறும். வேறு எது சொன்னாலும் அவன் விருந்தாளி.

நான் எழுதிப் பார்த்தவை: கொடுத்தாள், அழுதாள். பொய்யாக இருந்தது. "இந்த வீட்ல ரெண்டு கிடையாது" என்றாள். இதற்குப் பிறகு மாவின் முகத்தை எழுத வரவில்லை.

லியூ இந்த இடத்தில் நிறுத்தினாள். ஆசிரியர் உள்ளே வந்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் கேட்டேன்: "என்னன்னு கூப்பிட்ட?"

ஆட்காட்டி விரலைக் காட்டினாள். நகத்தோரம் கொப்புளம்.

1.

எங்கள் ஊரில் யாருக்கும் தராத எண் இது. உங்களுக்குத் தருகிறேன். அவன் நிற்கிறான். வத்தி விரற்கடை அளவு மிச்சமிருக்கிறது.

கூப்பிடுங்கள்.